வீட்டுப் பட்டறை: காப்பிடுக என்றோம், எதனால் என்று கூறினோமில்லை



சென்ற சித்திரைத் திங்கள் இதழில், இப்பகுதியின்கண், வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றின் அமைப்பினை விளக்கியிருந்தோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வெயிலில் அலையாமல் பயனுள்ளதொரு வேலையில் ஈடுபடட்டும் என்பதே நம் நோக்கம். படம் இருந்தது, உறுப்புகளின் பட்டியல் இருந்தது, செய்முறையும் படிப்படியாக இருந்தது. அதன் ஈற்றில் "இணைப்புகளை நன்கு காப்பிடுக" என்று மூன்றே சொற்களை எழுதிவிட்டு, நம் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தோம்.

ஆனித் திங்கள் இறுதியில், மும்பையின் புறநகர் ஒன்றில் வாழும் ஓர் அம்மையாரிடமிருந்து மடல் வந்தது. அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். நம் பகுதியைப் படித்து, தானே பொருள்களை வாங்கி வந்து, அந்த மின்வழங்கியைத் தகரப் பெட்டி ஒன்றினுள் அமைத்திருக்கிறான். இரண்டு திங்கள் அது குறைவின்றி வேலை செய்தது. மழை தொடங்கிய பின் ஒரு நாள், அம்மையார் ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, மேசையடியில் இருந்த அப்பெட்டியைக் கையால் ஒதுக்கியிருக்கிறார். அந்த நொடியில் கை இழுத்துக்கொண்டது. அவர் பின்னே விழுந்தார். வீடு முழுவதும் விளக்கு அணைந்தது. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி அவ்வீட்டில் பொருத்தப்பட்டிருந்தமையால் உயிர் தப்பியது. விரல்களில் இரண்டு நாள் மரப்பு இருந்ததாம்.

அம்மையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் எழுதவில்லை. தம் மகன் அன்றுமுதல் பற்றவைக்கும் கோலைத் தொடுவதில்லை என்றும், தாயைக் கொல்லப் பார்த்தேனே என்று தனக்குள் குமைகின்றான் என்றும் எழுதிவிட்டு, ஒன்றே ஒன்று வினவியிருந்தார். பையன் இணைப்புகளைச் சுற்றாமல் விடவில்லை. வீட்டில் இருந்த நாடாவைக் கொண்டு சுற்றித்தான் இருந்தான். அப்படியிருக்க அது ஏன் பயன்படவில்லை? எதனால் சுற்றியிருக்க வேண்டும்?

இவ்வினாவிற்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையது. ஆதலின் இத்திங்கள் எழுத எண்ணியிருந்த பொருளை ஒதுக்கிவைத்து, மின்காப்பினைப் பற்றியே எழுதுகின்றோம்.

அம்மையார் பெட்டியின் உட்புறத்தைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார். மின்மாற்றியின் உள்வருங் கம்பிகளோடு வீட்டு மின்சாரம் சேருமிடத்தில், பரிசுப் பொட்டலங்களுக்கு ஒட்டுகின்ற கண்ணாடிபோன்ற செல்லோ டேப் சுற்றப்பட்டிருந்தது. மின்மாற்றி சூடேறச் சூடேற அந்நாடாவின் பசை இளகி, சுற்று நெகிழ்ந்துவிட்டது. இணைப்பில் ஊசிபோல் நீண்டிருந்த ஈய முனை ஒன்று நாடாவைத் துளைத்து வெளியே வந்து, பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றியும், சுவரிலிருந்து வரும் வடத்தில் இரண்டு கம்பிகளே இருந்தன. பெட்டியைத் தரையோடு இணைக்கும் மூன்றாங் கம்பி இல்லை. அதற்குப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. நாம் வெளியிட்ட படத்திலேயே இரண்டு கோடுகள்தாம் இருந்தன.

இனிப் பொருளுக்கு வருவோம்.

மின்சாரத்தைக் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் பாகுபாடே ஒரு நூல் அறுந்த கதையால் விளங்கியது. 1729-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், தம் நண்பர் கிரான்வில் வீலர் இல்லத்தில், சணற்கயிறு ஒன்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டு, அதன் வழியே மின்னூட்டத்தை நெடுந்தொலைவு செலுத்திப் பார்த்தார். பட்டு மெல்லியது, ஆதலால்தான் மின்சாரம் அதன் வழியே ஒழுகிப் போவதில்லை என்பது அவர் எண்ணம். பாரந் தாங்காமல் பட்டு அறுந்தபோது, அதனினும் வலியதும் அதுபோலவே மெல்லியதுமான பித்தளைக் கம்பியில் கயிற்றைத் தொங்கவிட்டார். மின்னூட்டம் முழுவதும் போய்விட்டது. மெல்லிதாயிருத்தல் காப்பு அன்று, பட்டாயிருத்தலே காப்பு என்பது அப்போது புலனாயிற்று. இன்றைக்கும் நம் இளைஞர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டிய பாடம் இதுவே. எதையேனும் சுற்றினால் போதும் என்பதன்று. எதனைச் சுற்றுகின்றோம் என்பதே கேள்வி.

ஆனால் கடத்தாப் பொருளாயிருந்தால் மட்டும் போதுமா? ஈண்டு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அலைபோல் ஏறி இறங்குவதாதலின் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் வரை தாங்கும். திண்மமான பிளாஸ்டிக் ஏடு அதனினும் பன்மடங்கு தாங்கும். அப்படியானால் பையன் சுற்றிய நாடா அழுத்தத்தைத் தாங்கத் தக்கதே. அந்நாடா மின்னழுத்தத்திற்குத் தோற்கவில்லை. வெப்பத்திற்கும் கூர்முனைக்கும் தோற்றது. அம்மையாரின் வினாவிற்கு இதுவே நேர்விடை.

மின்காப்புக்குப் பகைவர் ஐவர் என்க. மின்னழுத்தம், வெப்பம், ஈரம், கூர்மை, முதுமை என்பன அவை. கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது இவ்வைந்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற் பகைவனை மட்டும் எண்ணிப் பொருள் வாங்குவோர் மற்ற நால்வரிடம் ஏமாறுவர்.

முதலில் கம்பி. நாம் நாள்தோறும் காணும் வண்ணக் கம்பிகளின் உறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். மலிவானது, வளையத்தக்கது, ஈரத்திற்கு அஞ்சாதது. ஆயின் பொதுவகைப் பி.வி.சி. 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் நில்லாது. பற்றவைக்கும்போது கோல் சற்றே நின்றுவிட்டால் உறை சுருங்கிப் பின்வாங்கி, செம்பு வெளியே தெரியும். அவ்வெளித்தெரிவு இரண்டு மில்லிமீட்டரானாலும் வெட்டிவிட்டு மீண்டும் செய்க. வீட்டு மின்சாரம் செல்லும் கம்பியை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தே வாங்குக. பழைய பொம்மையிலிருந்து உரித்த மெல்லிய கம்பி மின்கலத்து வேலைக்கு உதவலாம். சுவர் மின்சாரத்திற்கு உதவாது.

சூடான இடங்களுக்கு டெஃப்லான் உறையிட்ட கம்பி சிறந்தது. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் இது. 260 பாகை வரை தாங்கும். பற்றுகோல் பட்டாலும் பின்வாங்காது. எனினும் இதற்கும் ஒரு குறை உண்டு. கூரிய விளிம்பில் அழுத்தி வைத்தால் நாளடைவில் மெல்ல மெல்ல வழிந்து விலகிவிடும். ஆதலின் இறுக்கிக் கட்டும் இடத்தில் இதனை நம்பற்க. சிலிக்கோன் ரப்பர் உறையும் 180 பாகை வரை தாங்கும். மிக மென்மையாக வளையும். ஆனால் எளிதிற் கீறிவிடும். வெப்பத்தை வெல்வது கூர்மைக்குத் தோற்பதை ஈண்டுக் காண்க.

இனி இணைப்புகள். இவற்றிற்குச் சூட்டில் சுருங்கும் குழாயைப் போல் உதவுவது வேறொன்றில்லை. கடைகளில் 'ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்' என்று கேட்டால் தருவர். மும்பையின் லாமிங்டன் சாலையாயினும், தில்லியின் லாஜ்பத் ராய் சந்தையாயினும், கல்கத்தாவின் சாந்தினியாயினும், பெங்களூரின் எஸ்.பி. சாலையாயினும் பெயர் ஒன்றே. பொதுவாகக் கிடைக்கும் வகை பாதியாகச் சுருங்கும். 3 மில்லிமீட்டர்க் குழாய் 1.5 ஆகும். இணைப்பின் பருமன் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டிருக்குமாறு தேர்ந்துகொள்க. இணைப்பின் இருமருங்கிலும் கம்பியின் உறைமீது ஒரு சென்டிமீட்டராவது ஏறி நிற்கும் அளவில் வெட்டுக. பற்றவைக்கும் முன்பே குழாயைக் கம்பியில் கோத்து, சூடு படாதவாறு தொலைவில் தள்ளி வைக்க மறவற்க. இதனை மறந்து, பற்றவைத்து முடித்த பின் நாக்கைக் கடித்துக்கொள்ளாத தொழிலாளி உலகில் இல்லை; நாமும் விலக்கல்லோம். சுருக்குவதற்குச் சூட்டுக் காற்றுத் துப்பாக்கி நன்று. தீக்குச்சியோ மெழுகுவத்தியோ பிடித்தால் ஓரிடம் கருகும், ஓரிடம் சுருங்காது நிற்கும். இரு கம்பிகளை அடுத்தடுத்து இணைக்கும்போது இணைப்புகள் நேருக்கு நேர் அமையாமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அமைக. காப்புக் கெட்டாலும் அப்போது ஒன்றையொன்று தொடா.

குழாயினுள் செலுத்தும் முன், இணைப்பில் நீண்டு நிற்கும் ஈய முனையை மீண்டும் சூடாக்கி உருட்டிவிடுக. மேலே சொன்ன வீட்டில் உண்மையாகவே கொலைஞனாக வந்தது அந்த முனைதான்.

மின்தொழிலாளர் பயன்படுத்தும் கருப்பு அல்லது வண்ண 'இன்சுலேஷன் டேப்' பி.வி.சி.யால் ஆனது. சுவர்ப்பெட்டியினுள் குளிர்ந்த இடத்தில் அது செம்மையாகவே உதவும். ஆனால் சூடேறும் பெட்டிக்குள் அதன் பசையும் இளகும். நாகபுரி, தில்லி போன்ற ஊர்களில் கோடை வெப்பமே 45 பாகையை எட்டுவதுண்டு. மூடிய பெட்டியினுள் நிலை இன்னும் மோசம். ஆதலால் சூடேறும் இடத்தில் பொன்னிற ஏடாகிய பாலிஇமைடு நாடாவையே கொள்க. கேப்டான் என்னும் வணிகப் பெயரால் பலரும் அறிவர். இது 260 பாகையையும் பொருட்படுத்தாது. மின்மாற்றியின் சுற்றுகளுக்கிடையே மஞ்சள் நிறப் பாலியெஸ்டர் நாடாவைக் காண்கிறோமே, அது 130 பாகை வகுப்பினது. உள்வரும் சுற்றுக்கும் வெளிச்செல்லும் சுற்றுக்கும் இடையே மூன்று அடுக்கு இடுதல் மரபு. ஓரடுக்குக் கெட்டாலும் மற்ற இரண்டும் காக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

'வகுப்பு' என்றோமே, அதனையும் சொல்லிவிடுவோம். காப்புப் பொருள்களை அவை தாங்கும் வெப்பத்தால் ஏ, ஈ, பி, எஃப், எச் என எழுத்திட்டு வகுப்பர். முறையே 105, 120, 130, 155, 180 பாகை. மோட்டார்க்குச் சுற்றுக் கட்டும் கடைகளில் லெதராய்டு என்னும் தடித்த தாளையும், மில்லினெக்ஸ் என்று அவர்கள் வழங்கும் பாலியெஸ்டர் ஏட்டையும் காணலாம். தாள் வகைகள் கூர்மையைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் அவற்றை வார்னிஷில் தோய்த்து உலர்த்துகின்றனர். வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலோர் நெடுநாளாகக் கையாளும் கணக்கு. முதுமை என்னும் பகைவன் வெப்பத்தின் தோழன் என்பது இதனால் விளங்கும்.

டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளை அலுமினியத் தகட்டில் பொருத்தும் இடத்தில் ஒரு விசித்திரமான தேவை எழுகின்றது. வெப்பம் கடந்து செல்ல வேண்டும், மின்சாரம் கடக்கலாகாது. இதற்குப் பழங்காலந்தொட்டே உதவுவது அப்பிரகம். வடபுலத்தில் அப்ரக் என்பர். நம் ஊர்ப் பெரியோர் காக்காப்பொன் என்பர். ஜார்க்கண்டின் கோடர்மாவும் ஆந்திரத்தின் கூடூரும் இதற்குப் பேர்பெற்ற இடங்கள். மெல்லிய அப்பிரகத் தகட்டின் இருபுறமும் வெண்ணிற வெப்பப் பசையைச் சிறிதளவே தடவி, உறுப்பிற்கும் அலுமினியத்திற்கும் இடையே வைத்தல் வேண்டும். பலரும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். இறுக்குகின்ற திருகாணி இரும்பாயிற்றே! அஃது உறுப்பையும் தகட்டையும் இணைத்துவிடும். ஆகவே திருகாணிக்குக் குல்லாய் போன்ற பிளாஸ்டிக் புஷ் ஒன்றும் இட வேண்டும். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அப்பிரகத்தைக் குத்தும். அதனைப் பெரிய துளையூசியால் வழித்துவிடுக. அப்பிரகத்திற்கு மாற்றாகச் சிலிக்கோன் ஏடுகளும் கிடைக்கின்றன. அவற்றிற்குப் பசை வேண்டா.

எவ்வுறுப்பின் உலோக முதுகு எதனோடு இணைந்துள்ளது என்பதை அறிந்தே பொருத்துக. 7805 என்னும் சீராக்கியின் முதுகு பொதுமுனை, 7905-இன் முதுகு உள்வரும் முனை, எல்.எம்.317-இன் முதுகு வெளிவரும் முனை. மூன்றையும் ஒரே தகட்டில் காப்பின்றிப் பூட்டிய அன்பர் ஒருவர், புகையைக் கண்ட பின்பே இவ்வேறுபாட்டை அறிந்தார்.

அட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். 1907-இல் லியோ பேக்லண்டு ஆக்கிய பேக்கலைட் இன்றும் கிடைக்கிறது. உறுதியானது, வெப்பந் தாங்குவது. ஆயினும் ஒருமுறை அதன்மேல் தீப்பொறி ஓடினால் கரிக்கோடு படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அக்கோடே பின்னர்ப் பாதையாகிவிடும். கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த எஃப்.ஆர்.4 அட்டை ஈரத்தை நன்கு தாங்குவது. எவ்வட்டையாயினும், சுவர் மின்சாரம் ஓடும் பகுதிக்கும் நாம் தொடும் பகுதிக்கும் இடையே 6 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் குறையாமல் விடுக. 8 ஆயின் மிக நன்று. காற்று வழி வேறு, பரப்பின்மேல் ஊரும் வழி வேறு. தூசும் மழைக்காலத்து ஈரமும் கடற்கரை ஊர்களின் உப்பும் படியப் படிய, பரப்பின்மேல் மின்சாரம் ஊர்ந்து செல்லும். பற்றவைத்தபின் அட்டையிற் படிந்த பிசினைத் துடைத்து, காப்பு வார்னிஷ் பூசுதல் நலம்.

பயன்படுத்தலாகாதவற்றையும் சொல்லவேண்டும். மரம் உலர்ந்திருக்கும்போது காக்கும். ஆடி மழையில் கைவிடும். கருநிற ரப்பர் சிலவற்றில் கரித்தூள் மிகுந்திருக்கும். உறுப்புகளைக் குத்திவைக்கும் கருநிற நுரையட்டை கடத்துவதற்கென்றே செய்யப்பட்டது. துப்பாக்கியால் இடும் சூட்டுப் பசை வெப்பத்தில் இளகும். கம்பியை அசையாது நிறுத்த அஃது உதவலாம், காப்பாக உதவாது. காடி மணம் வீசும் சிலிக்கோன் பசை செம்பை அரிக்கும். மணமற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்குக. பழைய அடுப்புகளிலிருந்து எடுக்கும் கல்நார் நுரையீரலுக்கு நஞ்சு, தொடவே வேண்டா.

லித்தியம் மின்கலங்களைக் கையாளும் இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. உருளை வடிவக் கலத்தின் உடல் முழுவதும் எதிர்முனை. மேலுள்ள சிறு பொட்டு மட்டுமே நேர்முனை. இரண்டையும் பிரித்து நிற்பது தாளினும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. அது கிழிந்த கலத்தை அப்படியே அடுக்கினால் தீப்பற்றும். உறையை மாற்றி, நேர்முனையைச் சுற்றிக் காப்புத் தாள் வளையம் ஒட்டிய பின்னரே பயன்படுத்துக. வளையத்தைப் 'பார்லி பேப்பர்' என்று கேட்டால் கடையில் தருவர்.

வேலை முடிந்தபின் சோதனை. இணைப்பைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, செருகியின் இரு மின்முனைகளையும் சேர்த்துப் பிடித்து, அவற்றிற்கும் பெட்டிக்கும் இடையே பல்பயன் மீட்டரால் அளந்து பார்க்க. எண் ஏதும் காட்டக்கூடாது. ஆயினும் இச்சோதனையால் மட்டும் நிம்மதி கொள்ளற்க. மீட்டர் தருவது சில வோல்ட்டே. மயிரிழை இடைவெளியையும் அது காப்பு என்றே சொல்லும். உங்கள் குடியிருப்பின் மின்தொழிலாளரிடம் 500 வோல்ட் மெகர் இருக்கும். அதே முனைகளில் அதனைக் கொண்டு அளக்கச் செய்து, 2 மெகோமுக்குக் குறைந்தால் பெட்டியைத் திறந்து மீண்டும் பார்க்க. உலோகப் பெட்டியில் கம்பி நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் இடுக. கம்பியை இழுத்தாலும் இணைப்பு இழுபடாதவாறு உட்புறம் பிடிப்பு அமைக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாங் கம்பியைப் பெட்டியின் உலோகத்தில் திருகாணியிட்டு இறுக்குக. சித்திரை இதழின் படத்தை வைத்திருப்போர் அதில் இம்மூன்றாம் கோட்டைத் தம் கையாலேயே வரைந்துகொள்ள வேண்டுகிறோம்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மின்பலகையில் 30 மில்லியாம்பியர் என்று பொறித்த மின்கசிவுத் துண்டிப்பான் உளதா என்று இன்றே பாருங்கள். இருப்பின், அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானைத் திங்களுக்கொருமுறை அழுத்துங்கள். உடனே விளக்கணைய வேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பொருத்தச் செய்யுங்கள். மொழி தெரியாத ஊரில் வீட்டுக்காரரிடம் ஒன்றைக் கேட்பது எளிதன்று என்பதை அறிவோம். எனினும் இது கேட்டேயாக வேண்டிய ஒன்று.

அம்மையாரின் மகனுக்கு நாம் தனியாகவும் எழுதியிருக்கிறோம். தம்பி, நீ கவலையற்றவனாக இருந்திருந்தால் ஒன்றையும் சுற்றாமல் விட்டிருப்பாய். சுற்ற வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எதனால் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. குறை நம்முடையது. அந்தப் பெட்டியைத் திறந்து, மேலே சொன்னவாறு மீண்டும் அமைத்து, மெகர் சோதனை முடிந்த பின் நமக்கு எழுது என்று கேட்டிருந்தோம். இவ்விதழ் அச்சுக்குப் போகும் வேளையில் விடை வந்துள்ளது. பற்றுகோலை மீண்டும் எடுத்துவிட்டானாம். புதிய பெட்டியை முதலில் தொட்டுப் பார்த்தவர் அவன் தாயார்தாமாம்.

அடுத்த திங்கள், தரையிணைப்பு ஒழுங்காக உள்ளதா என்று வீட்டிலேயே அறியும் முறையைக் காண்போம். ஐயங்களை அன்பர்கள் தயங்காமல் எழுதுக.